ஸ்பிரிங்கை முறுக்கியது யார்?

ஒரு சொல்லுக்காகச் சண்டை போடுவது திருவனந்தபுரம் வலியசாலைக்காரர்களுக்குப் புதிதல்ல. ராஜராஜ சோழன் காந்தளூர்ச் சாலையில் ‘கலம் அறுத்த’தாக அவனது மெய்க்கீர்த்தி சொல்கிறது. அந்தச் சாலை எங்கள் வலியசாலைதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. கலம் என்றால் கப்பலா, உண்கலமா? முதலாவது என்றால் கடற்போர். இரண்டாவது என்றால் சோற்றுப் பந்தி விவகாரம். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

2016 தொடக்கத்தில் எதிர்வீட்டுப் பெண் வேறொரு வழக்கோடு வந்தாள். இன்ஜினீயரிங் மாணவி. அவள் கல்லூரிக் குழு ‘ரோபோகான்’ போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் நடத்தும் இந்தப் போட்டி 2002-இல் டோக்கியோவில் தொடங்கியது. 2008-இல் புனேயில் நடந்தது. 2016-இல் பாங்காக்கின் முறை. கருப்பொருள் தூய எரிசக்தி.

குழுவுக்கு இரண்டு ரோபோக்கள். ‘ஈகோ’ ரோபோவில் அதை ஓட்டும் மோட்டார் இருக்கக் கூடாது. காற்று, காந்தம் போன்ற மறைமுக வழிகளில் ‘ஹைபிரிட்’ ரோபோவிடமிருந்துதான் அது உந்துவிசை பெற வேண்டும். கடைசியில் ஹைபிரிட் கம்பத்தில் ஏறிக் காற்றாலை இறக்கையைப் பொருத்தினால் வெற்றி.

“மாமி, இந்த இங்கிலீஷை நன்னா பார்த்துச் சொல்லுங்கோ. ஈகோவுக்குள்ளே ஒரு ஸ்பிரிங்கை முறுக்கி வெச்சா? அது மோட்டார் இல்லியே?”

தமிழில் எம்.ஏ., இருபது வருட மொழிபெயர்ப்பு அனுபவம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்: “ஸ்பிரிங் என்ற பேச்சே இதில் இல்லை. விலக்காதது எல்லாம் ஆகும். தைரியமா வை.”

இரண்டு நாள் கழித்து வந்தாள். “பொருத்தினோம் மாமி, அப்புறம் கழட்டிட்டோம். முறுக்கறது நம்ம கைதானே? விசை ஹைபிரிட்லேர்ந்து வரணும்னுன்னா போட்டிருக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. ஸ்பிரிங் சக்தியை உண்டாக்குவதில்லை. முறுக்கிய கை கொடுத்ததைச் சேமித்துத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் ‘ஃபர்ஸ்ட்’ ரோபோ போட்டியில், பாகங்களை வளைத்துச் சேமித்த சக்தியோடு ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. இங்கே கேள்வி, சக்தி எங்கிருந்து வருகிறது என்பது. நான் விலக்கப்பட்ட பெயர்ச்சொற்களைத் தேடினேன். அவள் ‘பெற வேண்டும்’ என்ற வினையைப் படித்தாள். என் பேச்சைக் கேட்டிருந்தால் பிள்ளைகளின் பல மாத உழைப்பு ஆடுகளத்து ஓரத்திலேயே நின்றுபோயிருக்கும்.

“சந்தேகம் இருந்தா போட்டிக் குழுவுக்கே எழுதிக் கேட்டுடலாமே மாமி” என்றாள். நியாயம்தான். ராஜராஜனின் புலவரிடம் கேட்க வழியில்லை. இந்த விதியை எழுதியவர்கள் உயிரோடு இருந்தார்கள். எனக்கோ அது தோன்றவே இல்லை.

ஹைபிரிட்டில் ஒரு விசிறி வைத்தார்கள். ஈகோவுக்குப் பாய் மாதிரி ஒரு தகடு. கல்லூரிக் கூடத்தில் அது முதல்முறை நகர்ந்ததை எனக்குப் படம்பிடித்துக் காட்டினாள். அவர்கள் பாங்காக் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த விதியை மொழிபெயர்த்தாலும், அது எதைத் தடுக்கிறது என்பதோடு எதைக் கேட்கிறது என்றும் பார்க்கிறேன்.

மோட்டார் இல்லாமலே வேகமாக ஓடும் ஈகோ ஒன்று என்னிடமும் இருந்திருக்கிறது.