வெங்காயக் காசுல ஒரு கம்ப்யூட்டர்

25,000 ரூபாய்க்குள்ள ப்ரோக்ராமிங் கத்துக்கவும், அப்பப்ப கொஞ்சம் கேம் ஆடவும் ஒரு கம்ப்யூட்டர் கிடைக்குமா? சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுற எல்லாருக்கும் ஊர்லேர்ந்து இந்த போன் ஒரு தடவையாவது வந்திருக்கும். நாம எழுதறது ஜாவா, அவங்க கேக்கறது மதர்போர்டு. அதுக்காக தெரியாதுன்னு சொல்லிட முடியுமா? மானப் பிரச்சினை ஆச்சே :-)

இந்தத் தடவை கேட்டது எங்க மாமா. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடறவர். பையன் தினமும் பஸ் பிடிச்சு அரியலூர் போய் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். காலேஜ் லேபை விட்டா வீட்டுல பைத்தான் எழுதறது எல்லாம் போன்லதான். அந்தச் சின்ன ஸ்க்ரீன்ல, கட்டை விரலால, நாலு ஸ்பேஸ் விட்டு விட்டு! பாவமா இருந்தது.

"மாப்ள, வெங்காயம் வித்ததுல இருவத்தஞ்சு எடுத்து வச்சிருக்கேன். இதுக்கு மேலன்னா அடுத்த போகத்து விதைக்காசுலதான் கை வைக்கணும்"னார். அதுக்கப்புறம் அது வெறும் பட்ஜெட் இல்லைங்க, எல்லைக்கோடு.

பையன் ஏற்கெனவே ஒரு கடையில விசாரிச்சு, கொட்டேஷனை போட்டோ பிடிச்சு அனுப்பியிருந்தான். "கேமிங் பிசி, ஐ7, 16 ஜிபி ராம், கலர் லைட் கேபினெட், 24,000." படிச்சா வாயில எச்சில் ஊறும். கீழே பொடி எழுத்துல ப்ராசஸர் நம்பர் இருந்தது: ஐ7-2600.

மக்களே, இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க. ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் முன்னாடி போடற பட்டம் மாதிரி. வயசு என்னன்னு சொல்றது அதுக்குப் பின்னாடி வர்ற நம்பர். 2600-ல முதல்ல நிக்கிற 2, அது இரண்டாம் தலைமுறைன்னு சொல்லுது. அந்த சிப் வந்தது 2011-ல. ராமும் பழைய டிடிஆர்3. இதுக்கு எதிரா 2018-ல வந்த ஐ5-8500-ஐ வைங்க. ஆறு கோர், டிடிஆர்4 ராம். பட்டத்துல சின்னது, வேலையில பெருசு.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துட்டு இருந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா இன்டெல்ல பொதுவா எட்டாம் தலைமுறையிலேர்ந்துதான், டிபிஎம் 2.0-வும் வேணும். ஐ7-2600-ல லினக்ஸ் போட்டு ப்ரோக்ராம் எழுதலாம், தப்பே இல்லை. ஆனா பயலுக்கு வேலோரன்ட் ஆடணும். அது லினக்ஸ்ல ஓடாது, விண்டோஸ் 11-ல டிபிஎம் இல்லாம விடாது. ஆக அந்த "கேமிங் பிசி"யில விண்டோஸ் 11 போட்டா அவன் கேக்கற கேமே ஓடாது!

சரி, புதுசாவே பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணலாமேன்னு தோணும். எனக்கும் அதுதான் ஆசை. ரைசன் 5 5600ஜி நல்ல சிப்பு. கூடவே வர்ற கிராஃபிக்ஸும் ஐ5-8500-ல இருக்கிறதை விட பல மடங்கு தேவலாம். ரெண்டு வருசம் முன்னாடி கேட்டிருந்தா கண்ணை மூடிக்கிட்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்ப இடிக்கறது ராம் விலை. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி ஃபேக்டரிகள் அந்தப் பக்கம் திரும்ப, 2025 கடைசியில நம்ம பக்கம் விலை எகிறிடுச்சு. க்ரூஷியல்ங்கற பேர்ல சில்லறையில வித்துட்டிருந்த மைக்ரான் கம்பெனியே, அந்த வியாபாரத்தை விட்டு விலகறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சது.

மாமாகிட்ட இதைச் சொன்னேன். அவர் ஒரே வரியில முடிச்சுட்டார். "பட்டறை போட்டு வச்சவன்கிட்ட வாங்கு." வெங்காயம் மலிவா இருக்கும்போது காய வச்சு பட்டறை போட்டு, விலை ஏறும்போது எடுத்து விக்கிறது எங்க ஊர் வழக்கம். யோசிச்சா, ஆபீஸ்லேர்ந்து கழிச்சு விடற பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணும் ஒரு பட்டறைதான். ராம், எஸ்எஸ்டி எல்லாம் பழைய விலைக்காலத்துலயே உள்ள போய் உக்காந்திருக்கு.

அதனால சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் அலைஞ்சு ஒரு ஆபீஸ் பெட்டி பிடிச்சேன். அன்னைக்கு ஆன கணக்கு:

ஐ5-8500 பெட்டி, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி – 14,500
கூடுதலா பழைய 8 ஜிபி ராம் ஒண்ணு – 2,800
பழைய 22 இன்ச் மானிட்டர் – 3,800
600 விஏ யுபிஎஸ் – 2,900
கீபோர்டு, மவுஸ் – 700

மொத்தம் 24,700. மிச்சம் 300-க்கு பரோட்டா.

ராம் எதுக்கு ரெண்டாவதுன்னு கேப்பீங்க. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின், படம் காட்டவும் ராமைத்தான் கடன் வாங்குது. ஒத்தைக் குச்சியா இருந்தா ஒத்தையடிப் பாதை. ஜோடியா போட்டா ரெட்டை வழி. கேம் ஆடும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை: ஆன் பண்ணி டாஸ்க் மேனேஜர்ல ப்ராசஸர் நம்பர் பாருங்க. பயாஸ்ல பழைய ஆபீஸ் பாஸ்வேர்டு பூட்டு இருக்கான்னு பாருங்க. எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டிடும். பில்லுல வாரன்டி எத்தனை மாசம்னு எழுதி வாங்குங்க.

குறையும் சொல்லிடணும். இந்த ஆபீஸ் பெட்டிகள் பலதுல பவர் சப்ளை அந்தக் கம்பெனிக்கே உரிய அளவு, கனெக்டரும் வேற. வெளியில வாங்கி மாட்ட முடியாது. பின்னால கார்டு போட்டா, ஸ்லாட்லேர்ந்து வர்ற 75 வாட்லயே ஓடற ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி ஒண்ணுதான். சின்னப் பெட்டின்னா அதுலயும் லோ ப்ரொஃபைல் தேடணும். ஜிடிஏ 5 எல்லாம் இப்போதைக்கு நொண்டும். வேலோரன்ட், மைன்கிராஃப்ட், சான் ஆண்ட்ரியாஸ் செட்டிங்கைக் குறைச்சு வச்சா ஓடும்.

லேப்டாப் ஏன் இல்லைன்னும் சிலர் கேட்டாங்க. நான் சி கத்துக்கிட்டது ப்ளஸ் டூவுல அரசு கொடுத்த லேப்டாப்லதான், அதை எந்நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதோட கீபோர்டு போனப்ப நாலு நாள் திருச்சிக்கு அலைஞ்சேன். இந்தப் பெட்டியில ஒரு கீபோர்டு போனா பெரம்பலூர்லயே வேற வாங்கி சொருகிட்டுப் போயிடலாம். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் தூசியும் உங்களுக்குத் தெரியாததா? மாசம் ஒரு தடவை மூடியைத் திறந்து ஊதி விடணும். பெட்டியைத் தரையில வைக்கவே கூடாது.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாதே, பஸ்ல மடியில வச்சே கொண்டு போய்ச் சேர்த்தேன். மூடியைக் கழட்டி எது எதுன்னு காட்டினேன். மறுநாள் பயலே கழட்டி மாட்டிட்டு போட்டோ அனுப்பினான்.

போன வாரம் பைத்தான்ல ஒரு கணக்கு எழுதியிருக்கான். மூட்டை எத்தனை, லாரி வாடகை, சாக்கு, மண்டி கமிஷன் எல்லாம் போட்டா கையில நிக்கிறது எவ்வளவுன்னு சொல்லுது. மாமா ரெண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்துட்டு, "கமிஷனே இவ்வளவாடா போகுது?"ன்னு உக்காந்துட்டாராம்.

பையனுக்கு அடுத்த ஆசை கிராஃபிக்ஸ் கார்டு. லோ ப்ரொஃபைல் 1650 எங்கயாவது நியாயமான விலைக்குக் கண்ணுல பட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க மக்களே. அடுத்த அறுவடை வரைக்கும் டைம் இருக்கு :-)