அது கேள்வி கேக்கலை

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. வாய்க்கால் வேலை இழுத்துடுச்சு. அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

எனக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூணு ஏக்கர். கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்கறது வழக்கம். அந்தத் தண்ணி கல்லணைக்கு வந்து, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால்னு பிரிஞ்சு எங்க வயலுக்கு வந்து சேர இருபது நாளுக்கு மேல ஆகும். அதுவும் வாய்க்கால் சுத்தமா இருந்தாத்தான். எங்க வாய்க்கால்ல நெய்வேலி காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்துச்சு. பாலத்துக்கு அடியில போற குழாயில பாதிக்கு வண்டல்.

சித்திரையிலேயே மனு கொடுத்துடலாம்னு பக்கத்து வயல்காரங்க ரெண்டு பேரும் நானும் கிளம்பினோம். "மனு எழுதறவருக்கு எதுக்குப்பா 50 ரூபா? சாட்ஜிபிடி-கிட்ட சொன்னா நிமிசத்துல எழுதித் தந்துடும்"னா என் மக. கடைமடை விவசாயி, வாய்க்கால் தூர்வார மனுன்னு ஒரு வரிதான் சொன்னோம். ஒரு பக்கம் வந்துச்சு. வாழ்வாதாரம், நீர் மேலாண்மை, உணவுப் பாதுகாப்பு, வருங்காலத் தலைமுறைன்னு ஒரு எழுத்துப்பிழை இல்லாம. "வக்கீல் எழுதின மாதிரி இருக்குய்யா"ன்னாங்க கூட வந்தவங்க. எனக்கும் பெருமைதான். திங்கக்கிழமை மனுநாள்ல கொடுத்துட்டு வந்தோம்.

மூணு வாரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. எந்த வாய்க்கால், எந்த இடம்னு மனுவில் விவரம் இல்லையாம். எடுத்துப் பார்த்தா, நெசமாவே இல்லை. நாலு தடவை படிச்சும் எங்க மூணு பேர் கண்ணுக்கும் அது படலை. அழகா இருந்ததுல மயங்கிட்டோம்.

அதுக்கப்புறம்தான் ஆபீஸ் வாசல்ல தூங்குமூஞ்சி மரத்தடியில உக்காந்து மனு எழுதற பெரியவர்கிட்ட போனேன். அவர் பேனாவையே தொடலை. மொதல்ல கேள்விதான். எந்த மதகுலேர்ந்து பிரியுது? அடைப்பு மதகுக்கு மேலயா கீழயா? பாலத்துக்குக் கிழக்க எத்தனை அடி? கடைசியா எப்ப தூர்வாரினாங்க? பாயற நிலம் எத்தனை மா, எத்தனை குடும்பம்? பாதிக்கு எனக்கே பதில் தெரியலை. திரும்ப ஊருக்கு வந்து, வாய்க்கால் கரையில நடந்து, அடி அளந்துக்கிட்டுப் போனேன். அவர் எழுதினது பன்னெண்டு வரி. எட்டாம் நாள் பொறியாளர் போன் பண்ணார்: "அந்தக் குழாய்கிட்ட நிக்கறேன், வர்றீங்களா?"

தண்ணி வந்துச்சு. ஆனா தாமதமாத்தான். இந்தத் தடவை குறுவை போச்சு, சம்பா மட்டும்தான். அந்த மூணு வாரத்தோட விலை அது.

மகளைக் குறை சொல்லலை. "நீங்க அளந்து சொல்லியிருந்தா அதுவும் எழுதியிருக்கும்பா"ன்னா. நியாயம்தான். கோடிக்கணக்கான பக்கத்தைப் படிச்சுட்டு, அடுத்த வார்த்தை என்னவா இருக்கும்னு கணிச்சுக் கணிச்சு எழுதற மெஷின் அதுங்கறா. எங்க பாலத்தடிக் குழாய் எந்தப் பக்கத்துலயும் இல்லையே. தெரியாத இடத்தை அது காலியா விடலை, நல்ல வார்த்தையைப் போட்டு நிரப்பிடுச்சு. எங்களை ஒரு கேள்வி கேக்கலை.

இப்ப எங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுலயும் இதைப் பார்க்கறேன். முன்னே யாராவது தவறிப்போனா, "நேத்து டீக்கடைல பாத்தனே, மாமா போய்ட்டாங்களா"ன்னு ஒருத்தன் தப்பும் தவறுமா போடுவான். படிச்சதும் தொண்டை அடைக்கும். இப்ப அதே ஆள் நாலு பத்தி இரங்கல் போடறான். பேரை மாத்தினா யாருக்கு வேணாலும் பொருந்தும். மேடைப் பேச்சுல அந்த மாதிரி வார்த்தை முன்னேயும் இருந்துச்சு, மெஷின் நம்மகிட்டேர்ந்துதான் கத்துக்கிச்சு. ஆனா சாவு வீட்டு வாசல்ல யாரும் அப்படிப் பேசினதில்லை.

நானும் அதை விட்டுடலை. மருந்து டப்பாவுல இருக்கற இங்கிலீஷைப் படம் எடுத்துப் போட்டா தமிழ்ல சொல்லுது. அதுக்கு நன்றி சொல்லணும்.

போன வாரம் பெரியவரைப் பார்த்து நன்றி சொல்லப் போனேன். கையில புது போன். பேரன் வாங்கிக் கொடுத்தானாம். கை நடுங்குதுன்னு, எதிர்ல இருக்கறவங்ககிட்ட எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு, போன்கிட்ட சொல்லி எழுத வைக்கிறார். "எழுத்து அதோடது தம்பி, கேள்வி என்னோடது"ன்னு சிரிச்சார். ரேட்டு அதே 50 ரூபாதான். எதிர்ல ஒரு அம்மா பட்டா விவகாரமா உக்காந்திருந்தாங்க. அவங்ககிட்ட ஆறாவது கேள்வி போய்க்கிட்டிருந்துச்சு. நான் தள்ளி நின்னுக்கிட்டேன்.