மீண்டும் ஒலித்த தந்தி

தோல் போர்த்திய வட்ட முகமும் ஐந்து தந்திகளும் கொண்ட இசைக்கருவி பாஞ்சோ. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களால் அமெரிக்க மண்ணில் வேரூன்றியது அது.

அந்நாட்டின் வர்ஜீனியா மலைப்பகுதியில் 1898இல் பிறந்தவர் டாக் பாக்ஸ். சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்திற்குள் இறங்கியவர். கறுப்பின இசைஞர்களின் வாசிப்பைக் கேட்டு, தந்திகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டும் முறையைத் தமதாக்கிக்கொண்டார். 1927இல் நியூயார்க்கில் அவர் பாடல்கள் இசைத்தட்டுகளாயின. சுரங்க இருளிலிருந்து இசை தம்மை மீட்கும் என்று நம்பினார். ஆனால், 1929க்குப் பின் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சி இசைத்தட்டு வணிகத்தை முடக்கியது. இல்லத்திலும் அவர் இசைக்கு ஆதரவில்லை. பாஞ்சோவை அடகு வைத்துவிட்டுச் சுரங்கத்திற்கே திரும்பினார்.

கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவ்விரல்கள் தந்தியை விட்டு விலகியிருந்தன. 1954இல் பணி ஓய்வு பெற்ற அவர், பின்னர் ஒரு பாஞ்சோவைப் பெற்று, விட்ட கலையை மீண்டும் பயிலத் தொடங்கினார். சில மாதங்களே பழகியிருந்த நிலையில், 1963இல் இசைக்கலைஞர் மைக் சீகர் அவரைத் தேடி வந்தார். அவ்வாண்டே நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழா மேடையில் 65 வயது பாக்ஸ் பாடினார்.

மீண்டும் கற்க வருபவருக்குத் தனித்ததொரு துன்பம் உண்டு. புதிதாகக் கற்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய வாசிப்பு ஏதுமில்லை. இவருக்கோ தம் இளமைக்கால வாசிப்பே அளவுகோலாக எதிரில் நிற்கிறது. செவி நினைவில் வைத்திருப்பதை விரல் செய்ய மறுக்கிறது. அந்த நாணத்தைப் பொறுத்துக்கொள்பவருக்கே விட்டுப்போன கலை மீண்டும் வாய்க்கிறது. இளமையில் பாக்ஸ் பதிந்தவை 12 பாடல்களே. முதுமையில் பதிந்தவையோ மூன்று தொகுப்புகளை நிறைத்தன.