சொல்லாமல் விட்ட ஈரம்

பட்டிருப்புப் பாலம் தாண்டினால் படுவான்கரை. களுவாஞ்சிகுடிச் சந்திச் சத்தம் வாவிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். நான் பழுகாமம் போன நேரம் பெரும்போக வெள்ளாமை வெட்டு. றோட்டின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல் வாங்கும் ஒரு களஞ்சியத்தில் கணக்குக் குழம்புகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

தராசுக்குப் பக்கத்தில் மேசை, மேசையில் ஒரு பழைய மடிக்கணினி, விசைப்பலகை முழுக்க நெல்தூசு. கணக்கு எழுதும் பிள்ளை உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தவள். எக்செலில் தன் கையாலேயே ஒரு ஃபங்ஷன் எழுதி, ஆங்கில எழுத்தில் 'நெல்நிறை' என்று பெயரும் வைத்திருந்தாள்.

வெட்டு மிசின் வந்த பிறகு நெல் பச்சையாகவே மூடைக்குள் ஏறுகிறது. களஞ்சியத்துக்கு வேண்டியது 14 சதவீத ஈரம். கூடினால் நிறையில் கழிவு. 18 சதவீத ஈரத்தோடு 1000 கிலோ வந்தால் 82ஆல் பெருக்கி 86ஆல் பிரிக்க வேண்டும், 953.49 கிலோவுக்குத்தான் காசு. நன்றாகக் காயவைத்துக் கொண்டுவருகிறவரின் நெல்லுக்கு ஈரமானி வைப்பதில்லை. ஈரம் சொல்லப்படாவிட்டால் 14 என்று வைத்துக்கொள் என்பதற்காக, ஃபங்ஷனில் நிறையை மட்டும் கட்டாயமாக்கி, ஈரத்தை 'ஒப்ஷனல்' என்று எழுதி அதன் பக்கத்திலேயே 14ஐயும் போட்டிருந்தாள். நல்ல யோசனைதான். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கும்போது யார் என்பதைச் சொல்கிறோமா? தோன்றா எழுவாயோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"புள்ள, அந்த வரியக் காட்டு" என்றார் முதலாளி.

காட்டினாள். நிறை 1000. ஈரம் எழுதும் செல் வெறுமை. விடை 1162.79.

"ஆயிரம் கிலோ கொண்டு வந்த ஆளுக்கு மறுகா நூற்றி அறுபது கிலோ கூடக் குடுக்கச் சொல்லுது" என்று சிரித்தார். காசு கொடுக்குமுன் கண்ணில் பட்டது நல்லகாலம்.

செல்லைச் சொடுக்கிப் பார்த்தேன். உள்ளே =நெல்நிறை(பி7,சி7) என்று இருந்தது. சிக்கல் அங்கேதான். சி7 வெறுமையாக இருந்தாலும் அவள் அதைக் கொடுத்துவிட்டாள். எக்செலுக்கு அது சொல்லாமல் விட்டது அல்ல, வெறுங்கையை நீட்டியது. வெறுமையைக் கணக்கில் போடும்போது 0 ஆகிறது. 1000ஐ 100ஆல் பெருக்கி 86ஆல் பிரித்தால் வருவது அந்த 1162.79. இன்னொரு செல்லில் =நெல்நிறை(பி7) என்று மட்டும் அடிக்கச் சொன்னேன். 1000 வந்தது.

"நான் இஸ்மிஸ்ஸிங் போட்டும் பாத்தன் சேர், அது வேலை செய்யல்ல" என்றாள். கொடுக்காமல் விட்டதா என்று பார்க்கும் கட்டளை அது. இங்கே வேலை செய்யாது. ஈரத்தை 'டபிள்' என்று எண் வகையாகக் குறித்திருந்தாள். வகை குறித்த இடத்தில் இஸ்மிஸ்ஸிங் எப்போதும் 'இல்லை' என்றே சொல்லும். எதையும் ஏற்கும் 'வேரியன்ற்' ஆக இருந்தால்தான் அதற்குக் கண் தெரியும். எக்செலில் இப்படி ஃபங்ஷன் எழுதும் மொழியான வீபிஏயில் பலர் விழும் குழி இது. எக்செல் இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையாவது காட்டியிருக்கலாம் என்பது என் கட்சி.

வேரியன்ற் ஆக மாற்றினோம். விடப்பட்டிருந்தால் 14, செல் வந்து அதற்குள் ஒன்றுமில்லை என்றாலும் 14. "சுழியம் வந்தா 14 எண்டு போட்டா முடிஞ்சுதே?" என்று கேட்டாள். ஈரத்துக்கு அது சரி, 0 ஈரமுள்ள நெல் எந்த வட்டையிலும் விளையாது. ஆனால் அடுத்ததாக அவள் சேர்க்க நினைத்திருந்தது சாக்குக் கழிவு. சொல்லாவிட்டால் வழமையான கழிவு. லொறியில் கொட்டி வரும் நெல்லுக்குச் சாக்கே இல்லை, அங்கே 0 என்பது உண்மையான விடை. அந்த 0ஐத் தூக்கி வழமையைப் போட்டால் விவசாயிக்கு நட்டம்.

சாக்குக் கழிவை ஈரத்துக்குப் பின்னால் சேர்க்கலாம். ஒன்றை ஒப்ஷனல் ஆக்கினால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே ஒப்ஷனல்தான். ஈரத்தை விட்டுச் சாக்கை மட்டும் சொல்ல, நடுவில் இரண்டு காற்புள்ளி: =நெல்நிறை(பி7,,0).

கூகுள் ஷீட்ஸுக்கு மாறலாமா என்று முதலாளி கேட்டார். அங்கேயும் இதே பேய் உண்டு. வெற்றுச் செல் வெற்று எழுத்துச்சரமாகப் போய் இறங்கும், அங்கே ஃபங்ஷன் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் அதை 0 என்றே கழிக்கும், அதே 1162.79. எக்செல் 2024இலும் 365இலும், சூத்திரமாகவே ஃபங்ஷன் எழுத உள்ள லெம்டாவில் உள்ளீட்டின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது ஒப்ஷனல் ஆகும், விட்டதை அறிய இஸ்ஒமிட்டெட் இருக்கிறது. வெற்றுச் செல்லை அதுவும் 'விட்டது' என்று கொள்ளாது.

நீங்களும் இப்படி ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தால் இன்றைக்கே மூன்று விதமாகச் சோதியுங்கள்: ஒன்றும் கொடுக்காமல், வெற்றுச் செல்லைக் கொடுத்து, 0 என்று எழுதிக் கொடுத்து. பழுகாமத்தில் நான் கிளம்பும்போது அந்த வரியில் 1000 நின்றது. வாசலில் அடுத்த லொறி தராசில் ஏறிக்கொண்டிருந்தது.