பலாலி ஓடுபாதையும் பினாங்கு நீர்மூழ்கியும்



யாழ்ப்பாணம் பார்க்க ஆசைப்படும் நம் பெண்களுக்கு இப்போது இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. சென்னையில் விமானம் ஏறினால் பலாலியில் இறங்கலாம். அந்தப் பழைய விமானத்தளம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, இடையில் முடங்கி, 2022 டிசம்பரில் மீண்டும் சென்னை விமானத்தைக் கண்டது. இன்னொன்று கடல் வழி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். அது நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. மழைக்காலத்தில் ஓடாது. ஆகவே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

என்னைக் கேட்டால், போகும்போது கப்பலில் போங்கள், திரும்பும்போது விமானத்தில் வாருங்கள் என்பேன். நான்கு மணி நேரக் கடல்தான். குமட்டல் வருகிறவர்கள் முந்தானையில் கொஞ்சம் இஞ்சி மரப்பா முடிந்துகொள்ளுங்கள். முதல் நாளே வந்துவிட்டால் நாகூரையும் பார்த்துக்கொள்ளலாம்.

நாகப்பட்டினத் துறையில் நிற்கும்போது ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். நம் பாட்டன்மார் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறிய கரை இது. 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை போய்வந்த கப்பல் அது. நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அந்தக் கப்பல் கொண்டுவந்த பீங்கான் கோப்பை ஒன்றாவது அலமாரியில் இருக்கும். பினாங்கிலும் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நம்மவர்கள் கட்டியதுதான். அக்கரையிலிருந்து கடிதமும் பணமும் வரும். இக்கரையில் பெண்கள் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

1941 டிசம்பர் 19 அன்று ஜப்பானியப் படை பினாங்கில் புகுந்தது. அன்றோடு கடிதம் நின்றது, பணம் நின்றது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வரும்வரை ஏறக்குறைய மூன்றே முக்கால் வருடம் இதே நிலைமை. அந்த இடைவெளியில் பினாங்குத் துறைமுகத்தில் வந்து குடியேறியவர்கள் யார் தெரியுமா? ஜெர்மானிய நீர்மூழ்கிக்காரர்கள்!

நம் ஊரில் முரட்டு ஆளை ‘எம்டன்’ என்கிறோமே, அது 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பலின் பெயர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் எம்டன் நீருக்கு மேல் ஓடிய போர்க்கப்பல். அதே ஆண்டு நவம்பர் 9-ல் கொக்கோஸ் தீவருகே அதன் கதை முடிந்துபோனது. நான் சொல்லப்போவது இரண்டாம் உலகப் போரில் வந்தது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான்: யூ-183.

ஜெர்மனியில் பிரேமன் நகரத்துத் தளத்தில் கட்டி 1942 ஏப்ரல் 1-ஆம் தேதி பணியில் சேர்த்தார்கள். நீளம் எழுபத்தாறு மீட்டர் சொச்சம், அகலம் ஏழு மீட்டருக்கும் குறைவு. அந்தக் குழாய்க்குள் ஐம்பத்துச் சொச்சம் ஆண்கள். முதலில் அட்லாண்டிக் கடலில் இரண்டு கப்பல்களை மூழ்கடித்தது: 1942 டிசம்பரில் ஒன்று, 1943 மார்ச்சில் ஒன்று. அதற்குள் அட்லாண்டிக்கில் நேச நாடுகளின் விமானங்கள் கெடுபிடி ஆகிவிட்டன. வேட்டைக்கு வேறு கடல் தேடி, பதினொரு நீர்மூழ்கிகளை இந்து சமுத்திரத்துக்கு அனுப்பியது ஜெர்மனி. அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மொன்சூன்’.

இந்தச் சொல் நம்முடையது, சகோதரிகளே! அரபு மாலுமிகள் காற்றின் பருவத்தை ‘மவ்ஸிம்’ என்றார்கள். ஹஜ்ஜுடைய காலத்தையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். அதைப் போர்த்துக்கீசியர் எடுத்துக்கொண்டு போய் ஐரோப்பாவுக்குக் கொடுத்தார்கள். அங்கிருந்து கொலைத் தொழிலுக்குப் பெயராகித் திரும்பி வந்தது.

கிளம்பிய பதினொன்றில் பினாங்கைக் கண்டவை நான்கே. வழியில் அழிந்தவற்றில் ஒன்று யூ-533. ஓமன் வளைகுடாவில் 1943 அக்டோபர் 16-ல் விமானம் குண்டு போட்டு மூழ்கடித்தது. அதிலிருந்த ஒரே ஒருவர் மட்டும் ஒரு நாளுக்கும் மேல் கடலில் மிதந்து அரபுக் கரையான கோர்ஃபக்கானில் உயிரோடு ஒதுங்கினார். அல்லாஹ் நாடியவருக்கு ஆயுள். தப்பி வந்து சேர்ந்த நான்கில் யூ-188 என்பது 1944 பிப்ரவரியில் ஏடன் வளைகுடாவில் ஏழு அரபுப் பாய்மரப் படகுகளைச் சுட்டுத் தள்ளியது. பேரீச்சம்பழமும் உப்பும் ஏற்றிப் பிழைக்கிற மாதிரிப் படகுகள்! அவற்றால் எந்த ராஜ்ஜியம் கவிழ்ந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

யூ-183 பினாங்கு வந்தது 1943 அக்டோபர் இறுதியில். அங்கே தளபதி மாறினார். புதியவர் ஷ்னீவிண்ட், சுமத்ரா தீவின் பாடாங்கில் பிறந்த ஜெர்மானியர். 1944 பிப்ரவரியில் புறப்பட்டு, 29-ஆம் தேதி இலங்கைக்குத் தெற்கே ‘பால்மா’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை மூழ்கடித்தார். பிறகு மாலத்தீவின் தென்கோடியிலுள்ள அத்து தீவுக்கூட்டத்தை நோக்கித் திரும்பினார்.

அத்துவில் பிரிட்டிஷார் ரகசியமாக ஒரு துறைமுகம் வைத்திருந்தார்கள். சுற்றிலும் பவளப்பாறை. இடைவெளிகளில் நீர்மூழ்கியைத் தடுக்க வலை. மார்ச் 9 அன்று யூ-183 உள்ளே போகவேயில்லை. வெளியே நின்றபடி, பாறைகளுக்கிடையே தெரிந்த சந்து வழியாக ஒரு டார்ப்பிடோவை விட்டது. அது நேரே போய் ‘பிரிட்டிஷ் லாயல்டி’ என்ற எண்ணெய்க் கப்பலைப் பிளந்தது. பாவம், அந்தக் கப்பல் 1942-லேயே மடகாஸ்கரில் ஜப்பானியரிடம் அடிபட்டு மூழ்கி, தூக்கி நிறுத்தப்பட்டு, எண்ணெய்த் தொட்டியாக இங்கே கட்டிக்கிடந்தது. மறுபடி மூழ்கி, மறுபடி மிதக்கவிட்டு, கடைசியில் 1946 ஜனவரியில் பிரிட்டிஷாரே அதை அங்கே அமிழ்த்திவிட்டார்கள். இன்று அதன்மேல் பவளம் வளர்ந்திருக்கிறது.

இதெல்லாம் யாழ்ப்பாணத்துக் கதையா என்று கேட்பீர்கள். கப்பல் கோடியக்கரையைத் தாண்டும்போது எட்டிப் பாருங்கள். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். மேற்கே சேதுப் பக்கம் போகப்போகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். யூ-183-இன் உயரமே ஒன்பது மீட்டருக்கு மேல். இந்தத் தண்ணீரில் அது முக்காடு போட்டு மறைய முடியாது. ஆகவே ‘எங்கள் கடலுக்கு ஜெர்மன் நீர்மூழ்கி வந்தது’ என்று யாராவது கதை சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள். நீர்மூழ்கி இங்கே வரவில்லை. அதைத் தேடிப் போன விமானங்கள்தான் இங்கிருந்து கிளம்பின.

காங்கேசன்துறையில் இறங்கினால் கலங்கரை விளக்கமும், 1990-ல் நின்றுபோன சிமெந்துத் தொழிற்சாலையின் மிச்சமும் தெரியும். அங்கிருந்து கிழக்கே மயிலிட்டி, பலாலி. செம்மண் தோட்டம், பனை, வேலிக்குள் வெங்காயமும் புகையிலையும். இந்தச் சமதரையில்தான் போர்க்காலத்தில் விமானத்தளம் அமைத்தார்கள். பலாலியில் இருந்தாலும் பிரிட்டிஷ் விமானப்படையின் குறிப்புகளில் அதன் பெயர் ‘காங்கேசன்துறை’தான். 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், 9-ல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட பிறகு இலங்கை முழுவதுமே ஒரு காவல் மாடமாகிவிட்டது. பர்மா விழுந்ததால் அரிசி வரத்து நின்று, வீட்டுக்கு வீடு கூப்பன் அரிசி. பர்மா அரிசிக்கும் தேக்குக்கும் பாய்மரக் கப்பல் ஓட்டிய வல்வெட்டித்துறைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

1945 பிப்ரவரியில் 203-ஆம் ஸ்குவாட்ரன் இங்கே வந்தது. ‘லிபரேட்டர்’ என்ற நான்கு எஞ்சின் விமானங்கள். ஒருமுறை கிளம்பினால் பத்துப் பதினைந்து மணி நேரம் கடலுக்கு மேலேயே சுற்றும். ஃபஜ்ருக்குப் போனது இஷாவுக்குத் திரும்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன்களுக்கும் எங்கோ ஒரு தாய் இருந்திருப்பாள், துஆ செய்துகொண்டு.

யூ-183 மறுபடி 1944 ஜூன் 5-ல் ‘ஹெலன் மோலர்’ என்ற கப்பலைக் கவிழ்த்தது. அதுதான் அதன் கடைசி இரை. பினாங்கும் ஜெர்மானியருக்குப் பாதுகாப்பில்லாமல் போகவே தளத்தை பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, மாற்றிக்கொண்டார்கள். 1945 ஏப்ரல் 23 அன்று ஜாவாக் கடலில், பக்கத்தில் ஜப்பானியக் கொடி தீட்டியபடி நீருக்கு மேல் போய்க்கொண்டிருந்த யூ-183-ஐ ‘பெசூகோ’ என்ற அமெரிக்க நீர்மூழ்கி டார்ப்பிடோவால் அடித்தது. ஐம்பத்து நான்கு பேர் மாண்டார்கள். ஒருவர் பிழைத்தார். ஷ்னீவிண்ட் தான் பிறந்த தீவுகளின் கடலிலேயே போனார். ஜெர்மனி சரணடைய அப்போது பதினைந்தே நாள் இருந்தது.

ஒருவர் பிழைத்ததால் அந்த ஐம்பத்து நான்கு வீடுகளுக்கு ஒரு சாட்சி கிடைத்தது. ‘நான் பார்த்தேன், கப்பல் போய்விட்டது’ என்று சொல்ல ஒரு நாக்கு. அதன் அருமை, கணவன் கடலோடு போன வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரியும். அந்தப் போரில் பிரிட்டிஷ் கொடி பறந்த சரக்குக் கப்பல்களில் நிலக்கரி தள்ளியவர்களும் தளம் கழுவியவர்களும் பலர் நம் துணைக்கண்டத்து முஸ்லிம்கள். உயிர்விட்ட இந்தியக் கடலோடிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை எழுதிய ஏடு பம்பாயிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டது. கடலில் மூழ்கி மவுத்தானவருக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டென்று ஹதீஸில் வந்திருக்கிறது. ஆனால் மூழ்கினாரா, சிறைப்பட்டாரா, வேறு தீவில் ஒதுங்கினாரா என்று சொல்ல ஆளில்லாவிட்டால்? அவள் மனைவியா, விதவையா? இத்தா இருப்பதா, விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பதா?

ஃபிக்ஹு நூல்களில் இப்படித் தொலைந்தவருக்கு ‘மஃப்கூத்’ என்று பெயர். ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்புப்படி, அவர் வயதொத்தவர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும். அதாவது அவளும் கிழவியாகிவிடுவாள்! மாலிகி மத்ஹபில் நான்கு வருடம், பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா, அதன்பின் அவள் சுதந்திரமானவள். இந்தியாவின் ஹனஃபி ஆலிம்களே, மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி உட்பட, பெண்களின் கஷ்டத்தைப் பார்த்து இந்த மாலிகி தீர்ப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அதன் பலனாக 1939-ல் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் வந்தது. கணவன் இருக்குமிடம் நான்கு வருடமாகத் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் ரத்துக் கேட்கலாம். தீர்ப்பான பிறகும் ஆறு மாதம் தவணை. அதற்குள் அவர் வந்து நின்று குடும்பம் நடத்தத் தயார் என்றால் தீர்ப்பு ரத்தாகும். உலகப் போர் தொடங்கியதும் அதே 1939-தான். சட்டம் மார்ச்சில், போர் செப்டம்பரில். தேவைக்குச் சற்று முன்னாலேயே அல்லாஹ் வழியைத் திறந்துவைத்தான் என்று எனக்குத் தோன்றும். இந்தச் சட்டம் இந்தியாவுக்குத்தான். இலங்கையில் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும் தனி.

பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஐந்து சந்தியைக் கேட்டுச் சோனகத் தெருவுக்குப் போங்கள். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுகொண்டு மெல்ல நடங்கள். 1990 அக்டோபர் 30 அன்று இந்தத் தெருக்காரர்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெண்களின் காதுத் தோடுவரை கழற்றி வாங்கினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது புத்தளம். பணம் கேட்டுப் பிடித்துவைக்கப்பட்ட நம் வியாபாரிகளில் சிலர் திரும்பவே இல்லை. போர் 2009-ல் முடிந்தபின் கொஞ்சம் குடும்பங்கள் திரும்பியிருக்கின்றன. பள்ளிகளில் பாங்கு ஒலிக்கிறது. கூரையில்லாத வீடுகளும் நிற்கின்றன, சுவருக்குள் மரம் முளைத்து.

பலாலி, மயிலிட்டித் தமிழர்களும் அதே 1990-ல் தங்கள் வீடுகளை இழந்தவர்கள்தாம். அந்த ஓடுபாதையைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டார்கள். மயிலிட்டித் துறை மீனவர்களுக்குத் திரும்பக் கிடைக்க 2017 ஆயிற்று.

அதே 2017 பிப்ரவரி 20-ல், குடாநாட்டுக்கு வெளியே கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் சாலையோரம் உட்கார்ந்தார்கள். நாட்கள் ஆண்டுகளாயின, எழுந்திருக்கவில்லை. அவர்களுக்காக அதற்கு முந்தைய ஆண்டே இலங்கை அரசு ஒரு சட்டம் செய்திருந்தது. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்கிறவர்களுக்குக் ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ கொடுப்பதாக. இரண்டு வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதை வைத்துச் சொத்து, வங்கிக் காரியங்களைப் பார்க்கலாம். மவுத்தும் இல்லை, ஹயாத்தும் இல்லை. நம் நூல்கள் மஃப்கூத் என்று சொன்ன அதே நிலைக்கு ஒரு அரசாங்கக் காகிதம். சிலர் வாங்கிக்கொண்டார்கள். காகிதம் வேண்டாம், எங்கே என்று மட்டும் சொல்லுங்கள் என்று மறுத்துவிட்டவர்களும் அந்தப் பந்தலில் இருந்தார்கள்.