முற்றம் பார்த்த சரிவு

“தம்பி, காலை அங்க வைக்காத. கைமரம் எங்க போவுதுன்னு பாத்து வை.”

சிதம்பரம் கீழ வீதியை ஒட்டிய ஒரு சந்தில், நாட்டு ஓடு வேய்ந்த வீட்டுக் கூரையிலிருந்து வந்த குரல். சொன்னவர் அறுபதைத் தாண்டிய ஓட்டு மேஸ்திரி. கேட்டுக்கொண்டவர் கடலூரிலிருந்து வந்திருந்த சோலார் ஃபிட்டர். ஏணியின் உச்சிப் படியில் நான். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. வெளியூரில் இருக்கும் மகன் கைபேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். பார்வைக்கு மண் ஓடு, உள்ளுக்குள் மின்சாரம். அதையே போட்டுவிடலாம் என்பது டீச்சரின் ஆசை. “வீட்டு லட்சணமும் கெடக்கூடாது, இ.பி. பில்லும் குறையணும்” என்றார்.

வீடியோவில் இருந்தது இத்தாலியில் செய்யப்படும் ஓடு. எரிமலைச் சாம்பலில் புதைந்து பின்னர் தோண்டி மீட்கப்பட்ட பாம்பேய் நகரத்தில், பழைய வீடு ஒன்றின் கூரையில் ரோமானிய ஓட்டைப் போலவே தோன்றும் சூரிய ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள். மேலே தெரிவது ஓட்டின் நிறம் கொண்ட பாலிமர் கலவை. வெளிச்சம் அதை ஊடுருவிக் கீழே மறைந்திருக்கும் செல்லுக்குப் போகிறது. 2016இல் டெஸ்லா நிறுவனம் அறிவித்த கண்ணாடி ஓடுகளும் இந்த வழியில் வந்தவைதான். அழகு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பொருள் செம்மண் நிறமாகத் தெரிகிறது என்றால் அந்த நிறத்து வெளிச்சத்தை அது நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். திரும்பிப் போன வெளிச்சம் மின்சாரம் ஆகாது. நிறத்துக்கு ஒரு விலை உண்டு.

மேஸ்திரிக்கு அந்த விலையைப் பற்றிக் கவலை இல்லை. அவருடைய ஆட்சேபம் வேறு. வீடியோவைப் பார்த்துவிட்டு, “இது செவப்பா இருக்கு. நம்ம ஓடு எங்க சார் செவப்பு?” என்று கேட்டார்.

அதன் பிறகுதான் நானும் கூரையைச் சரியாகப் பார்த்தேன். மழையும் பாசியும் அடுப்புப் புகையும் ஏறிய நாட்டு ஓடு கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது. உடைந்ததற்குப் பதிலாகப் போன வருஷம் செருகிய ஓடுகள் மட்டும் செவ்வல்லிப் பூ மாதிரி அங்கங்கே துருத்திக்கொண்டிருந்தன. இந்தக் கூரையில் இத்தாலியச் சிவப்பு ஓட்டைப் பதித்தால் அதுதான் முதலில் கண்ணில் குத்தும். கருப்புச் சட்டம் போட்ட சாதாரணக் கரும் பேனல் இதைவிட அடக்கமாகத் தெரியும். வெள்ளி நிற அலுமினியச் சட்டம் மட்டும் கூடாது. வெயிலில் பளபளத்து வீட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

நாட்டு ஓடு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை மேஸ்திரி இரண்டு ஓட்டை உருவிக் காட்டினார். குயவர் சக்கரத்தில் ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த குழலாக இதை வனைகிறார். ஈரம் காயும் முன்னே நெடுக்கில் கீறிவிட்டு, காய்ந்ததும் இரண்டாகப் பிரித்துச் சூளையில் வைக்கிறார். கூரையில் மல்லாக்க ஒரு வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவிலுள்ள சந்தை மூடக் குப்புற இன்னொரு வரிசை. ஆணி இல்லை, பூச்சு இல்லை. கீழே பனங்கையும் வரிச்சும் தாங்குகின்றன. ஓட்டின் கனமே ஓட்டைப் பிடித்து வைக்கிறது. பூனை, குரங்கு, தேங்காய் நெற்று என்று எது உடைத்தாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை பிரித்து மேய்ந்துவிட்டால் அடுத்த வருஷம் வரை கவலை இல்லை.

மேஸ்திரி கோபுரம் இருந்த திசையைக் கை காட்டினார். “நடராசர் சபையில பொன் ஓடு இருபத்தோராயிரத்து அறுநூறு, ஆணி எழுபத்திரண்டாயிரம்னு சொல்வாங்க. ஒரு ஓட்டுக்கு மூணு ஆணிக்கு மேல வருது. நம்மளுதுக்கு ஒண்ணு கூட இல்ல, பாருங்க.” மனிதனின் ஒரு நாள் சுவாசமும் உடம்பின் நாடிகளும் அந்த எண்ணிக்கை என்று தலபுராண மரபு சொல்லும். முதலாம் பராந்தகன் பொன் வேய்ந்த கூரை என்பது வரலாறு. ஆணிக் கணக்கை வகுத்துப் பார்த்தவரை நான் அன்றுதான் சந்தித்தேன்.

ஃபிட்டர் அதுவரை பேசவில்லை. கீழே இறங்கியதும் ரேழியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓட்டின் அளவில் ஒரு சூரிய ஓடு செய்தால், மேலே தெரியும் பரப்புக்குக் கூடிப்போனால் 10 வாட் தேறும். 3 கிலோவாட்டுக்கு 300 ஓடு. ஓட்டுக்கு ஓடு ஒயர் இணைப்பு. அதே 3 கிலோவாட்டை இப்போது கிடைக்கும் 540 வாட் பேனல் ஆறில் முடித்துவிடலாம். “எங்க தொழில்ல கோளாறு வர்றது செல்லுல இல்ல சார், ஜாயிண்ட்டுல. முந்நூறு ஜாயிண்ட்ட ஓட்டுக்கடியில பொதைச்சிட்டு, ஒண்ணு போச்சுன்னா எதைன்னு தேடுவேன்?”

தெரு ஓரத்துச் சீமை ஓட்டு வீடுகளில் அங்கங்கே ஒரு கண்ணாடி ஓடு இருக்கும். இருட்டறைக்கு வெளிச்சம் கொண்டுவரப் போட்டது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கி, அந்த வடிவம் தென்னிந்தியா முழுக்கப் பரவியது. கண்ணாடி ஓட்டையும் அதே அளவில், அதே காடியோடு வார்த்தார்கள். மண் ஓடு இருந்த இடத்தில் அதை மாட்ட எந்த மேஸ்திரிக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கட்டடத்தோடு ஒத்துப்போவது என்றால் எனக்கு அதுதான்: பழுது பார்க்கிறவன் கைக்கு ஒத்துப்போக வேண்டும். ஊரில் ஒருவரும் பிரித்து மாட்டத் தெரியாத ஓடு, எவ்வளவு மண் நிறமாக இருந்தாலும் அந்தக் கூரைக்கு அந்நியம்தான்.

இன்னொன்று சூடு. சிலிக்கான் செல்லுக்கு வெளிச்சம் வேண்டும், வெப்பம் ஆகாது. 25 டிகிரியில் அளந்து எழுதிய திறன், செல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். நம் ஊர் மதிய வெயிலில் செல் 65 டிகிரியை எட்டினால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தூக்கிக் கட்டிய பேனலின் அடியில் காற்று ஓடும். ஓடாகவே பதித்துவிட்டால் அந்தக் காற்றுக்கு வழி குறைவு.

கடலூர் ஓ.டி.யில் ஃபிட்டரின் கிடங்கைப் பார்க்கப் போனபோது இன்னும் இரண்டு எதிரிகளைக் காட்டினார். ஒன்று உப்பு. தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு மாடியிலிருந்து கழற்றி வந்த இரும்புச் சட்டம் மூலையில் கிடந்தது. போல்ட்டுத் தலை இருந்த இடத்தில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முலாம் மெல்லிசாகப் பூசிய மலிவுச் சரக்கு. இப்போது கடலோரத்தில் அலுமினியமோ, துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்போதான் போடுகிறார். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ். பேனல் வாங்குகிறவர்கள் உப்புக்காற்றுச் சோதனைக்கான ஐ.இ.சி. 61701 சான்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றார். யாரும் கேட்பதில்லையாம்.

மற்றொன்று புயல். 2011 டிசம்பர் 30 விடிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது ஊரறிந்த கதை. கூரைகள் போன விதம் பற்றி யாரும் அவ்வளவு பேசுவதில்லை. காற்று சரிவின் மேல் வேகமாகப் போகும்போது கூரையை மேலே உறிஞ்சுகிறது. மங்களூர் ஓட்டுக் கூரை சதுர மீட்டருக்கு 40 கிலோவை நெருங்கும். அந்தக் கனம் உறிஞ்சலை எதிர்த்து நிற்கிறது. கண்ணாடிப் பேனலோ 10, 12 கிலோதான். மண் ஓட்டை எடுத்துவிட்டு லேசான சூரிய ஓட்டைப் பதித்தால், கூரையைப் பிடித்து வைத்திருந்த கனத்தையும் எடுத்துவிடுகிறோம். பிறகு அந்த வேலையை ஆணியும் பட்டையும் செய்ய வேண்டும். கைமரம் சுவரோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய வீடுகளில் கைமரம் பெரும்பாலும் சுவர் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

மண்ணையும் மின்சாரத்தையும் சேர்த்து அறிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்காரர்கள் பொம்மையோடு பீங்கான் ஃபியூஸ் கேரியரும் செய்துவந்தவர்கள். சூரிய ஓட்டுக்கு உள்ளூர் அச்சு என்று ஒன்று வருமானால் அங்கேதான் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆசை மட்டும்தான்.

சிதம்பரத்து வீட்டுக்கு வருவோம். கிழக்குப் பார்த்த வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம். தெருவில் நிற்பவருக்குத் தெரிவது முன்பக்கச் சரிவு ஒன்றுதான். முற்றத்தைச் சுற்றி நான்கு சரிவுகள் உள்நோக்கி இறங்குகின்றன. அவற்றை வீட்டுக்காரர்களைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. வடக்குக் கட்டின் உள்சரிவு தெற்குப் பார்த்தது. சிதம்பரம் பூமத்திய ரேகைக்கு 11.4 பாகை வடக்கே இருப்பதால் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துவிடும். மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பரில்கூட உச்சிச் சூரியன் 55 பாகை உயரத்தில் நிற்கும். எதிர்க்கட்டின் நிழல் இந்தச் சரிவில் விழாது. மறைக்கத் தெரியாமல் பேனலுக்கு ஓட்டு வேஷம் போடுவதைவிட, மறைவான இடத்தில் பேனலைப் பேனலாகவே வைப்பது நாணயம் என்று எனக்குப் பட்டது. ஃபிட்டருக்கும் அதே எண்ணம்.

சீமை ஓடாக இருந்தால் ஓட்டிடுக்கில் கொக்கியை நுழைத்துக் கைமரத்தில் முடுக்கிவிடலாம். நாட்டு ஓட்டில் முடியாது, ஓடு நகர்ந்துவிடும். எனவே சட்டத்தின் கால்களை இரு பக்கச் சுவரில் இறக்கி, ஓட்டைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் பேனல் நிற்கும். இறவாரத்துக்கு இணையாக ஒரே வரிசை. முகட்டிலும் ஓரத்திலும் ஓடு தெரியும்படி இடம் விட வேண்டும். நான்கு பேனல், 2 கிலோவாட் சொச்சம், நாளுக்குச் சுமார் 8 யூனிட். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம் என்பதால், அதற்கு மேல் எவ்வளவு ஓடுகிறது என்று டீச்சரின் பழைய பில்லை எடுத்துப் பார்த்துத்தான் 3 வேண்டாம், 2 போதும் என்று முடிவாயிற்று.

“ஓடு பிரிக்கிறது எங்க ஆளு. உங்க பசங்க ஒருத்தனும் மேல ஏறக் கூடாது” என்றார் மேஸ்திரி.

“சரிண்ணே. ஆனா சட்டம் வச்ச பிறகு உடைஞ்சா?”

“அது உன் கணக்கு.”

“வருஷா வருஷம் ஓடு மாத்துறப்ப பேனலக் கழட்டணுமே, அந்தக் கூலி?”

இருவரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் கணக்கு நோட்டை எடுத்துவர உள்ளே போனார்.