கடலுக்கும் காட்டுக்கும் நடுவே வினாயகபுரம்

அக்கரைப்பற்றில் பஸ் ஏறித் தெற்கே வந்தால் தம்பிலுவில், திருக்கோவில் கடந்து வினாயகபுரம் வரும். அம்பாறை மாவட்டத்தின் இந்தக் கரையோரக் கிராமத்தில்தான் எனது பெரியம்மாவின் வீடு இருக்கின்றது.

கிழக்கே கடல். வீதியைத் தாண்டி மேற்கே போனால் வயல்வெளி. அதற்கும் அப்பால் சாகாமம், கஞ்சிகுடிச்சாறு குளங்களும் காடும். மாரி மழையில் பெரும்போக நெல் விளையும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் காலைச் சுடும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கடற்கரையில் சனம் நிறைந்துவிடும்.

யுத்த காலத்தில் மேற்குத் திசை என்றாலே பயம். கஞ்சிகுடிச்சாறுப் பகுதி 2007இல் படையினர் வசமாகும் வரை அங்கு மோதல்கள் நடந்தன. விறகுக்குப் போனவர் திரும்பும் வரை பெரியம்மா படலையடியிலேயே நிற்பா. கடல்தான் அவவுக்கு ஆறுதல்.

2004 டிசம்பர் 26 அதைத் தலைகீழாக்கியது. சுமாத்திராவுக்கு அருகே காலை 6.58க்குக் கடலடி நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை இங்கு வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பயந்த மேற்குத் திசைக்கே அன்று பெரியம்மா பிள்ளைகளுடன் ஓடித் தப்பினா.

திரும்பி வந்தபோது கிணறு உப்பாகியிருந்தது. “இறைக்க இறைக்க உப்புத்தான் கூடிச்சு மகள்” என்றா. காரணம் உண்டு. கரையோர மணலில் மழைநீர், கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் உப்பு மேலே ஏறும். பல மாரிகள் பெய்த பின்பே அவவின் கிணறு தெளிந்தது. இன்றும் வாளியால்தான் அள்ளுகிறா.

சகோதரிகளே, நாம் தண்ணீர் அள்ளும், விறகு பொறுக்கும் நிலத்தை நாமே அறிந்திருக்க வேண்டும். எந்தப் பாதை மேட்டுக்குப் போகும், எந்தக் கிணறு கோடையிலும் நல்ல தண்ணீர் தரும் என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுப்போம். நான் புறப்படும்போது பெரியம்மா பேத்தியைக் கூட்டிக்கொண்டு மேற்கே போகும் ஒழுங்கையில் நடந்துகொண்டிருந்தா.